கடலைத் திட்டிய கவிதைகளும் காணாமற்போன வளவும்

டிசம்பர் 26 நெருங்கும்போது நமது பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளில் ஒரு கவிதை வந்துவிடும். எழுதியவர் பெயரும் ஊரும் வருடத்துக்கு வருடம் மாறும், கவிதை மட்டும் அதேதான். கடலை விளித்துத் தொடங்கும். நேற்றுவரை சோறு போட்ட நீ இன்று ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கும். நடுவில் ஒற்றைச் செருப்பு ஒன்றோ பிள்ளையின் பாவை ஒன்றோ கரையில் ஒதுங்கிக் கிடக்கும். கடைசி நான்கு வரியில் இரு கையும் ஏந்தி ஒரு துஆ. ஆமீன்.

இருபதாண்டு நிறைவையொட்டி எங்கள் பகுதி நூலகம் ஒன்றில் சிறு காட்சிப்படுத்தல் வைக்க விரும்பினார்கள். அதற்கு ஆக்கங்களைத் தெரிந்து தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்திரிகை நறுக்குகள், பாடசாலை மலர்கள், பள்ளிவாசல்களும் இளைஞர் கழகங்களும் வெளியிட்ட நினைவிதழ்கள், தனித் தொகுதிகள் என்று ஒரு பெட்டி நிறையச் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒருசேர வாசித்ததில் மனதில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் குறித்து எவரையும் எடுத்துக் காட்டப்போவதில்லை. எழுதியவர்களில் பலர் பிள்ளையைப் புதைத்த கையோடு பேனா பிடித்தவர்கள். அவர்களுடைய துயரில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. என் வழக்கு அந்தத் துயர் போய் விழுந்த அச்சோடுதான். அந்த அச்சு தனியொருவர் செய்ததல்ல, நாம் எல்லோரும் சேர்ந்து வார்த்தது.

முதலில் கடலையே எடுத்துக்கொள்வோம். அன்று காலை இலங்கை நேரப்படி 6.58க்குச் சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது. 9.1 அளவிலான நடுக்கம். பிளவு வடக்கே அந்தமான் தீவுகள் வரை 1,200 கிலோமீற்றருக்கும் அதிகமாக ஓடியது. அங்கிருந்து கிளம்பிய அலை நமது கிழக்குக் கரையைத் தொட ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையத்துக்கு நடுக்கம் நிகழ்ந்தது சில நிமிடங்களுக்குள்ளேயே தெரியும். இந்து சமுத்திரத்துக்கென்று அப்படியொரு ஏற்பாடு அன்று கிடையாது. அதைவிட நெஞ்சைப் பிழிகிற விஷயம் நாட்டுக்குள்ளேயே நடந்தது. கல்முனைக் கரையில் சனம் செத்துக்கொண்டிருந்த பிறகும் தெற்கே காலி வீதியோரம் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பேரளியவில் அது அலையில் அகப்பட்டபோது மணி ஒன்பதரை ஆகியிருந்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் அந்த ஒரே ரயிலில் போனார்கள். ஒரு கரை அழிந்ததை மறுகரைக்குச் சொல்ல இந்த நாட்டில் அன்று ஒரு வழி இல்லை. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்ததே 2005இல்தான்.

பெட்டியிலிருந்த கவிதைகளில் அந்த ஒன்றரை மணித்தியாலம் இல்லை. ஒன்றில்கூட இல்லை. கடலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் வழக்கு முடிந்துவிடுகிறது. கடலுக்கு வாயில்லை, வக்கீல் வைக்காது, மேன்முறையீடு செய்யாது. கூண்டில் ஏற வேண்டிய மற்றவர்கள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கண்ணீர் துடைத்துக்கொள்ளலாம். கடலைத் திட்டுகிற கவிதை யாரையும் சங்கடப்படுத்தாத கவிதை. அதனால்தான் அரச நினைவுவிழாக்களிலும் அது தாராளமாக வாசிக்கப்படுகிறது.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் எனக்குச் சிறிதாகப் படவில்லை. கணிசமான கவிதைகளில் கடல் முதலில் உள்வாங்குகிறது, பிள்ளைகள் துள்ளும் மீனைப் பொறுக்க ஓடுகிறார்கள், பிறகு அலை வருகிறது. தொலைக்காட்சியில் நாம் பலமுறை பார்த்த தாய்லாந்துக் கரையின் காட்சி இது. பிளவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அலையின் பள்ளம். மேற்கே இருந்த நமக்கு முதலில் வந்தது முகடு. கடல் உள்வாங்கியதை நம்மவரில் பலர் கண்டதும் உண்மைதான், ஆனால் அது முதல் அலைக்கும் அடுத்ததற்கும் இடையில். முதல் அலையில் வாசலில் நின்றவருக்கு எந்த முன்னறிவிப்பும் கிடைக்கவில்லை. கரையோரச் சனத்திடம் கேட்டுப் பாருங்கள், “கடல் வருகுது, ஓடுங்க” என்ற கூக்குரலில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். தன் ஊருக்கு என்ன நடந்தது என்பதைத் தன் ஊராரிடம் கேட்காமல் தொலைக்காட்சியிடம் கேட்டு எழுதிய இலக்கியத்தை என்னவென்று சொல்வது?

மார்க்கம் சம்பந்தப்பட்ட இடத்தில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒரே கவிதைக்குள் இரண்டு தீர்ப்புகள். மேலே, கடற்கரையில் நடந்த களியாட்டங்களுக்கும் தொழுகையை விட்டதற்கும் இறங்கிய அதாப் என்கிறார். கீழே, மௌத்தானவர்கள் ஷஹீதுகள் என்கிறார். நீரில் மூழ்கி மரணித்தவரும் இடிபாட்டில் சிக்கி மரணித்தவரும் ஷஹீதுகளின் வரிசையில் வருவர் என்பது ஸஹீஹான ஹதீஸ். அப்படியென்றால் அதாப் யார்மீது இறங்கியது? ஏணைக்குள் கிடந்த பிள்ளை மீதா? நான் ஆலிம் அல்ல, மார்க்கத் தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. அந்த நாட்களின் குத்பாக்களிலும் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டன. குத்பாவுக்கு அது பொறுக்கும். எச்சரிப்பதும் ஆறுதல் சொல்வதும் அங்கே இரண்டு தனித்தனிக் கடமைகள். கவிதைக்குள் இப்படியொரு முரண் வந்தால் எழுதுகிறவனுடைய கை அந்த இடத்தில் நடுங்க வேண்டாமா? குளிப்பாட்ட வழியில்லாமல், கபன் துணி போதாமல், ஒரே குழியில் பலரை அடக்கிய மனிதர்களுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. கவிதைகள் அதைத் தொடாமல் சுற்றிப் போய்விட்டன.

நூஹ் நபி (அலை) அவர்களின் வெள்ளம் நம்மவருக்குக் கைவசமிருந்த பெரிய உருவகம். பெட்டியைத் திறந்தால் எங்கும் கப்பல். ஈமான் என்ற கப்பலில் ஏறியவர் தப்பினார் என்று எழுதும்போது, ஏறாதவர் யார் என்ற கேள்வியைக் கவிஞர் யோசித்தாரா தெரியவில்லை. பள்ளிவாசல் முஅத்தினும் போனார், ஓத வந்த பிள்ளைகளும் போனார்கள். சூரத்து ஹூதில் கப்பல் மட்டும் இல்லை. அலைகளுக்கு நடுவே மகனைக் கூப்பிடுகிற தகப்பன் இருக்கிறார். மகன் மலையில் ஏறிக்கொள்வேன் என்கிறான், இருவருக்கும் நடுவே அலை வந்து மூடிவிடுகிறது. அதன் பின்னும் அந்தத் தகப்பன் மகனுக்காக ரப்பிடம் பேசுகிறார். அவருக்குக் கிடைத்த பதில் என்ன என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அந்த அழைப்பு வேதத்தில் நிற்கிறது. பிள்ளையின் கை நழுவிப்போன வாப்பாமார் நூற்றுக்கணக்கில் இருந்த கரையில், எழுதியோரெல்லாம் கப்பலை எடுத்துக்கொண்டு தகப்பனை விட்டுவிட்டார்கள். கைக்கெட்டிய தூரத்திலிருந்த பெருங்கவிதை ஒன்று இப்படித்தான் தவறிப்போனது.

எழுத்து வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தீவைக் காட்டலாம். சுமாத்திராவுக்கு மேற்கே, நடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகில், சிமெலுவே. அங்கிருப்போரும் முஸ்லிம்கள்தான். 1907இல் அங்கே பெரிய அலை அடித்துச் சனம் ஏராளமாக மாண்டது. உயிர் தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பெரிய நடுக்கம் வந்து கடல் வற்றினால் சாமான் எடுக்க நிற்காதே, மேட்டுக்கு ஓடு. சாரம் அவ்வளவுதான். 2004இல் அத்தீவில் ஏறத்தாழ 78,000 பேர். மரணித்தவர்கள் 7 பேர். அதே மாகாணத்தில் பந்தா ஆச்சே நகரம் பல பத்தாயிரம் பேரை இழந்தது. அந்தக் கதையை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது. நமது கரையில் ஓடச் சொல்லுமளவுக்கு நிலம் குலுங்கவில்லை, ஏறுவதற்கு மேடும் கிடையாது, மேற்கே போனால் வயலும் ஆறும்தான். நான் எடுத்துக்கொள்வது அந்தக் கதையின் குணத்தை. நடந்ததை நடந்தபடி, என்ன, எங்கே, யாருக்கு என்று அது வைத்திருந்தது. அழுகையும் அதற்குள் இருந்திருக்கும், ஆனால் அழுகைக்காக விபரத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

நம்முடைய எழுத்தில் விட்டுப்போன விபரங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது வீடு.

கவிதைகளில் வீடு இல்லாமலில்லை. இடிந்த வீடு, கூரை போன வீடு, அத்திவாரம் மட்டும் மிஞ்சிய வீடு எல்லாம் உண்டு. அது யாருடைய வீடு என்பதுதான் இல்லை. எங்கட கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் இதற்கு ஒரு நேரான பதில் இருந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, எங்கே போனாலும் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்குப் போகிறான். வீடும் வளவும் அவள் பெயரில். உம்மாவும் வாப்பாவும் தாங்கள் இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு அதே வளவுக்குள் பின்னால் ஒரு சிறிய வீட்டைக் கட்டி ஒதுங்குவார்கள். அடுத்த குமர் பெரிதாவதற்குள் அதையும் பெருப்பித்துக் கட்டியாக வேண்டும். இப்படியே ஒரு வளவுக்குள் மூன்று நான்கு சகோதரிகளின் மூன்று நான்கு குசினி, நடுவில் ஒரு கிணறு. ஒருத்தி பிள்ளைப்பெற்றால் மற்றவள் அடுப்பில் சோறு வேகும். புருசன் பெண்டாட்டிக்குள் பிரச்சினை வந்தால் சாரனையும் சேட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறுவது அவன். அவள் இருந்த இடத்தில் இருப்பாள். அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் இதே வழக்கம்தான். குடி, வயிற்றுவார் என்று தாய்வழியில் எண்ணுகிற பழைய ஒழுங்கின் மிச்சம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் மரணித்தார்கள், நாட்டில் மிக அதிகமாக இழந்த மாவட்டம் அதுதான். அங்குள்ள முகாம்களில் விசாரித்துச் செய்யப்பட்டு 2006இல் வெளியான ஆய்வொன்று பெண்களும் பிள்ளைகளும் முதியோரும்தான் கூடுதலாக இறந்தார்கள் என்பதைக் காட்டியது. வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். தப்பிய பெண்கள் இரண்டு வகையாக இழந்தார்கள். குடும்பத்தை இழந்தார்கள், தங்கள் பெயரில் இருந்த ஒரேயொரு சொத்தையும் இழந்தார்கள். முதல் இழப்பைக் கவிதைகள் பாடின. இரண்டாவதை ஒரு வரியிலாவது காண வேண்டும் என்று பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். இல்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலோரத்தில் கட்டக்கூடாது என்று எல்லை போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். பின்னர் நமது பகுதியில் அது 65 ஆனது. மருதமுனையில் ஒரு குடியேற்றத்துக்குப் பெயரே 65 மீற்றர் வீட்டுத்திட்டம். (சாய்ந்தமருதில் ஒன்று பொலிவேரியன் கிராமம். தென்னமெரிக்க விடுதலை வீரர் ஒருவரின் பெயர் எங்கட உம்மாமாரின் வாயில் புழங்குகிறது. இதை வைத்து ஒருவரும் கதை எழுதவில்லை என்பதும் எனக்கு ஆச்சரியம்.) எல்லைக்கு உள்ளே இருந்த வளவுகளுக்குத் திரும்ப முடியாது. ஏற்கனவே கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருக்கியடித்து இருக்கிற ஊர்களில் மாற்றுக் காணிக்கு எங்கே போவது? எல்லைக்கு அப்பால் இருந்தவர்களுக்கு முற்றாகச் சேதமான வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபா, கட்டம் கட்டமாக. கணக்கு, குடும்பம் ஒன்றுக்கு வீடு ஒன்று. படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கூடு. அந்தக் கூட்டுக்குள் ஒரு பெயர்தான் கொள்ளும், பெரும்பாலும் அது ஆணின் பெயர். சீதனமாக வந்து மனைவியின் உறுதியில் இருந்த வளவுக்குப் பதிலாக வந்த புதிய வீடு கணவனுடையதாகிப் போனது இப்படித்தான். இருவர் பெயரிலும் போடுங்கள் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டபோது, அரச காணியில் கூட்டு உரித்துக்கு வழியில்லை என்று பதில் வந்தது. ஒரே வளவில் இருந்த சகோதரிகள் மூன்று திட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். குமர்களுக்கென்று பாதிச் சுவர் எழும்பி நின்ற வீடுகள் குடும்பம் குடியிருந்த வீடாக எண்ணப்படவில்லை.

அரசாங்கம் விடுபட்டதைக் கண்டுகொள்ளாததை நான் விளங்கிக்கொள்கிறேன். கொழும்பில் அச்சடித்த படிவத்துக்குக் கிழக்கின் வழக்கம் தெரிந்திருக்காது. வெளிநாட்டுத் தொண்டர் நிறுவனங்களுக்கும் தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும். கவிதை எழுதிய ஒவ்வொருவரும் தன் மனைவியின் வீட்டிலிருந்துதான் எழுதினார், அல்லது அந்த வீடு இருந்த முகாமிலிருந்து. 1960களின் இறுதியில் அக்கரைப்பற்றுக்கு ஆய்வு செய்ய வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே சுனாமிக்குப் பிறகும் வந்தார். மிஷேல் காம்பர்ட்டுடன் சேர்ந்து அவர் பதிப்பித்து 2010இல் வெளியான நூலில், பட்ரீசியா லோரன்ஸும் அவரும் எழுதிய ஓர் அத்தியாயம் சீதன வீட்டைப் பற்றியது. தலைப்பிலேயே சீதனம் இருக்கிறது. ஒரு வெள்ளைக்காரருக்குத் தெரிந்தது நமது படைப்பாளிகளுக்குத் தெரியாமற் போனதா என்று கேட்டால் அது நியாயமான கேள்வியல்ல. தெரிந்திருந்தது, எழுதத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதற்குத்தான் பதில் தேட வேண்டும்.

என் ஊகம் இது. பல தசாப்தங்களாக நமது சிறுகதையின் ஆஸ்தான வில்லன் சீதனம். ஏழை வாப்பா, முதிர்ந்த குமர், பேராசை பிடித்த மாப்பிள்ளை வீடு. கதை எங்கே தொடங்கினாலும் இந்த மூன்றில் வந்து நிற்கும். அந்தக் கதைகளுக்கு அவசியம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ‘குமரைக் கரைசேர்க்கிறது’ என்று நாம் சொல்கிற சொல்லுக்குள் எத்தனை வாப்பாமாரின் நெஞ்சுவலி. சீதனத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தக் கதைகள் இரண்டு வேறு பொருளை ஒன்றாகக் குழைத்துவிட்டன. மாப்பிள்ளையின் கைக்குப் போகிற கைக்கூலி ஒன்று. பெண்ணின் பெயரில் எழுதப்பட்டு அவளிடமே இருக்கிற வீடு இன்னொன்று. இரண்டையும் சீதனம் என்ற ஒரே சொல்லால் அடித்துத் துவைத்த பிறகு, அந்த வீட்டை அவளுடைய சொத்தாகப் பார்க்கக் கண் இல்லாமற் போனது. சீதன வீட்டைக் கடல் கொண்டுபோனால், போகட்டும், பாவத்தின் சின்னம்தானே என்று வெளியே யாரும் சொல்லவில்லை. ஆனால் அழத் தகுந்த இழப்பாகவும் அது எழுத்தில் பதியவில்லை. பழகிய கதையொன்று புதிய உண்மையை எப்படி மறைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமது இலக்கியத்தில் எனக்குத் தெரியாது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது, “கவிதை எழுதி உறுதியில பேர் மாத்த ஏலுமா?” என்று சிரித்தார். ஏலாதுதான். ஆனால் எழுத்தால் எதுவுமே ஏலாது என்று நாம் அந்தக் காலத்தில் நினைக்கவில்லையே. 2005 ஜூன் 24இல் அரசாங்கமும் புலிகளும் பொதுக்கட்டமைப்பில் கைச்சாத்திட்டபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட சமூகத்தைக் கையெழுத்திட அழைக்கவில்லை என்று நமது பேனாக்கள் எவ்வளவு எழுதின. கட்டுரை, கருத்தரங்கு, கவிதையும்கூட. எழுதியது சரி. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் எழும்பிய 500 வீடுகள், வழக்கு வந்து, 2009இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, சனமில்லாமல் பூட்டிக் கிடந்து காடு மூடியபோதும் எழுதினோம். அதுவும் சரி. உரிமை கேட்டு நிற்பது ‘சமூகம்’ என்றால் நமக்கு மொழி ஊறுகிறது. உரிமை கேட்க வேண்டியவள் நமது வீட்டுக்குள் இருக்கிற ஒருத்தி, கேட்க வேண்டிய இடம் அவளுடைய புருசனின் பெயர் விழுந்த ஒரு படிவம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நுரைச்சோலை வீடு ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை என்பதற்கு எழுதிய கை, கிடைத்த வீடு எந்த முஸ்லிமின் பெயரில் கிடைத்தது என்று ஒருக்கால் கேட்டிருக்கலாம்.

வீட்டை எழுதிய ஒரு நூலை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். நமதல்ல, தமிழிலும் அல்ல. யாலவில் கணவனையும் இரண்டு ஆண்பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரே காலையில் இழந்த சொனாலி தெரணியகல 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நினைவுநூல். அவர் கடலிடம் நியாயம் கேட்டு நேரத்தைச் செலவழிக்கவில்லை. பெற்றோரின் கொழும்பு வீடு ஒரு டச்சுக் குடும்பத்துக்கு வாடகைக்குப் போனபோது, இரவில் போய்க் கேற்றில் தட்டி அவர்களைத் துன்புறுத்தியதை மறைக்காமல் எழுதுகிறார். வாசிக்கும்போது அவர்மேல் இரக்கமும் வருகிறது, கோபமும் வருகிறது. வசதி படைத்த கொழும்புக் குடும்பத்தின் வீடு அது, சாய்ந்தமருது வளவோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் வீடு போனால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்பது அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

நமது மொழியில் வீடு எழுத்துக்குள் வராமற் போனாலும் பேச்சுக்குள் வந்துவிட்டது. கவிஞர்கள் ஆழிப்பேரலை என்றும் கடற்கோள் என்றும் அழகாக எழுதிக்கொண்டிருக்க, சனம் ‘சுனாமி’யை எடுத்து வேறு வேலைக்கு விட்டது. சுனாமி வீடு, சுனாமிக் காசு, சுனாமி போட், சுனாமிச் சைக்கிள். அலைக்குப் பெயராக வந்த சொல் நிவாரணத்துக்குப் பெயராகிப்போனது. அலையைச் சொல்ல ‘கடல் வந்த அண்டைக்கு’ என்பார்கள். ‘என்ட ஊடு’ என்றால் இன்றும் சில வயதான பெண்களுக்கு அது கடலுக்குள் போன வளவுதான். இப்போது இருப்பது ‘சுனாமி ஊடு’. இந்த இரண்டு சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு கவிதை அளந்திருந்தால், பெட்டியில் இருந்த அத்தனை கடலையும் நான் மன்னித்திருப்பேன்.

பெட்டியில் ஒன்றே ஒன்று கிடைத்தது. கவிதை அல்ல. அலைக்குச் சில வருடங்களின் பின் வந்த பாடசாலை மலர் ஒன்றில் ஒரு மாணவி எழுதிய ஒன்றரைப் பக்க உரைநடை. எழுத்துப் பிழைகள் உண்டு, தலைப்பும் சப்பென்ற தலைப்புத்தான். தன் உம்மம்மாவின் வளவில் அன்று காலை யார் யார் எந்தெந்த வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறாள். பெரியும்மா முன்வீட்டில் மாவறுத்துக்கொண்டிருந்தார். சாச்சியின் வீட்டுக்கு இன்னும் கதவு போடவில்லை, சாக்குத்தான் தொங்கியது. அலை எந்த மதிலுக்கு மேலால் வந்தது, யார் எந்தத் தென்னையைப் பிடித்தார், யார் பிடிக்கவில்லை. உறுதிகள் இருந்த தகரப்பெட்டி பிறகு மேற்கே வயலுக்குள் கிடந்து எடுக்கப்பட்டதாம், மை கரைந்து எழுத்துத் தெரியவில்லையாம். கிணற்றை மூன்று தரம் இறைத்தும் உப்புக் கரித்தது. இப்போது பெரியும்மா ஓரிடம், சாச்சி ஓரிடம், தாங்கள் ஓரிடம், சாச்சியிடம் போக ஆட்டோவுக்குக் காசு வேண்டும் என்கிறாள். புதிய வீடு வாப்பாவின் பெயரில் என்பதையும் ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு, அதற்கு ஒரு விளக்கமும் தராமல் கிணற்றுக்குத் திரும்பிவிடுகிறாள். முடிவில், வகுப்பாசிரியர் எழுதிக் கொடுத்ததுபோலத் தெரிகிற நான்கு வரிகள் கடலை விளித்து வருகின்றன. அதை விட்டுவிட்டு வாசிக்கலாம்.